நாற்பது பிராங்குப் பையன்

1978ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து செப்டம்பர் முடிய ஜப்பானில் ஒரு வேடிக்கை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஒரு தொலைக்காட்சியில் ஒரு பிரெஞ்சு அநாதைச் சிறுவன் நடந்துகொண்டிருப்பான். ஏழரை மணிக்கு இன்னொரு தொலைக்காட்சியைத் திருப்பினால் அங்கே ஒரு பிரெஞ்சுச் சிறுமி நடந்துகொண்டிருப்பாள். இரண்டும் கார்ட்டூன், இப்போது பிள்ளைகள் 'அனிமே' என்கிறார்களே, அது. இரண்டு கதைகளையும் எழுதியவர் ஒரே ஆள். அவர் பெயர் எக்தோர் மலோ. அவர் 1907லேயே இறந்துபோனவர். பையன் கதை புத்தகமாக வந்தது 1878இல். சரியாக நூறு வருஷம் கழித்து, பிரான்சுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு நாட்டில், அதே ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுக்கு விருந்துக்குப் போன மாதிரி அவர் இரண்டு சேனலில் இருந்தார்.

இதை நான் எழுதக் காரணம், கடற்கரையில் காலையில் என்னோடு நடக்கும் நண்பர்கள்தான். பேரப்பிள்ளைகள் எந்நேரமும் அனிமே பார்க்கிறார்கள், வாளைத் தூக்கிக்கொண்டு கத்துகிறவனெல்லாம் ஒரு நாயகனா என்று அவர்களுக்குக் கோபம். நான் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. ஆனால் பிரான்சில் இருக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது எனக்குக் காட்டிய பழைய அனிமே ஒன்றில், நான் பள்ளியில் திக்தே எழுதிய பையன் நின்றான். அதிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். சாகசக் கதையின் நாயகன் எதனால் நம் மனத்தில் தங்குகிறான் என்பதற்கு எனக்குத் தோன்றிய பதில் இந்த இரண்டு பிள்ளைகளிடமும் இருக்கிறது.

முதலில் பையன். புத்தகத்தின் பெயர் 'சான் ஃபமீய்'. குடும்பமற்றவன் என்று சொல்லலாம். புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்கள் இதிலிருந்து ஒரு பக்கமாவது எழுதாமல் வந்திருக்க மாட்டார்கள். முசியே மெதுவாக வாசிப்பார், நாங்கள் எழுதுவோம், பிழைக்கு அரை மதிப்பெண், கால் மதிப்பெண் என்று கழியும். ஒருமை பன்மையில் கவனம் வைத்திருந்ததால் அந்தப் பையன் பசியோடு இருக்கிறான் என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கம். ஷவனோன் என்ற ஏழைக் கிராமத்தில் ரெமி என்ற எட்டு வயதுப் பையன். பர்பெரேன் அம்மாள்தான் தன் தாய் என்று நினைத்திருக்கிறான். அவள் கணவன் பாரீசில் கொத்து வேலை செய்கிறவன். இது மலோ கற்பனை செய்ததல்ல. அந்தக் கிரேஸ் வட்டாரத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாக பாரீசுக்குப் போய்க் கட்டட வேலை செய்தவர்கள். இரயில் வருவதற்கு முன் நடந்தே போனார்கள். பர்பெரேன் வேலையிடத்தில் அடிபடுகிறான், நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுகிறான், வழக்குச் செலவுக்காக வீட்டில் இருந்த ஒரே பசுவையும் விற்கச் சொல்கிறான், கடைசியில் வழக்கும் தோற்கிறது. ஊன்றுகோலோடு வீடு திரும்பும் நாள் ஒரு பண்டிகை நாள். பசு போய்விட்டாலும் பையனுக்குப் பலகாரம் செய்ய வேண்டும் என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் பாலும் வெண்ணெயும் கடன் வாங்கி வைத்திருக்கிறாள். வந்தவன் அந்த வெண்ணெயை எடுத்துத் தன் வெங்காயச் சூப்புக்குப் போடச் சொல்கிறான். அன்றிரவுதான் ரெமிக்குத் தெரிகிறது, தான் பாரீஸ் வீதியில் கண்டெடுத்த பிள்ளை என்று.

மறுநாள் ஊர்ச் சத்திரத்தில் விதாலிஸ் என்ற கிழவரைச் சந்திக்கிறார்கள். மூன்று நாய், ஒரு குரங்கு வைத்து வித்தை காட்டுகிறவர். பேரம் நடக்கிறது. நாற்பது பிராங்குக்குப் பையன் கை மாறுகிறான். அம்மாளிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. மேட்டில் ஏறித் திரும்பிப் பார்க்கும்போது, கீழே அவள் வெள்ளைத் தலைத்துணி தெரிகிறது, வீட்டுக்கும் முற்றத்துக்குமாக அவனைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறது.

அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். பிரான்சில் 1874ஆம் ஆண்டு மே மாதம் தொழிற்சாலைகளில் பிள்ளைகளை வேலை வாங்குவது பற்றி ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி இன்னொரு சட்டம், ஊர் ஊராகப் போய் வித்தை காட்டுகிறவர்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை இப்படி ஒப்படைப்பதே குற்றம் என்றது அது. மலோவின் கதை நாளிதழில் தொடராக வரத் தொடங்கியது அதற்குச் சில வருஷங்களிலேயே. ஆகவே அன்றைய வாசகனுக்கு அந்த நாற்பது பிராங்கு வெறும் கதைப் பணம் இல்லை. போன வருஷம் வரை தன் தெருவில் வயலினோடு நின்ற இத்தாலியப் பையனின் விலை அது. மலோவை அவர் நண்பர் ஜூல் வல்லேஸ் 'நேர்மை மலோ' என்று பட்டப்பெயர் வைத்து அழைத்தார். பொருத்தமான பெயர்தான். விலையைக்கூடச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் அழ விடுகிறார்.

நாயகனின் கழுத்தில் விலை கட்டித் தொடங்குகிற கதை இது. நம் பழைய சினிமாவில் நாயகன் அறிமுகமாகும்போது கைதட்டல் விழும். இங்கே முதல் ஆட்டத்தில் ரெமிக்குக் கிடைக்கும் வேஷம் என்ன தெரியுமா? குரங்கு எஜமானன், பையன் அதன் முட்டாள் வேலைக்காரன். மனிதனைவிடக் குரங்குக்குப் புத்தி அதிகம் என்பதுதான் அந்த நாடகத்தின் சிரிப்பு. விதாலிஸ் மரத்துண்டுகளில் எழுத்துகளைச் செதுக்கிப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அதிலும் முதலில் முந்துவது நாய்தான். (அந்த நாயின் பெயரைப் பிரெஞ்சில் சொல்கிறபடி எழுதினால் 'காப்பி' என்று வரும். படிக்கிறவர்களுக்கு டபரா நினைவு வந்துவிடும் என்பதால் நான் கப்பி என்றே எழுதுகிறேன்.) நாய்க்கும் குரங்குக்கும் கீழே நின்று தொடங்குகிற பையன், ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு மேலே வருகிறான். படிப்பு, பாட்டு, யாழ், நடை, பசியை அடக்குவது, கூட்டத்தின் முன் தலை நிமிர்ந்து நிற்பது. அவனிடம் சக்தி எதுவும் இல்லை. தொழில் இருக்கிறது. அதுவும் நம் கண் முன்னால் கற்றுக்கொண்ட தொழில். அவன் ஒரு சல்லி சம்பாதித்தால் நாமே சம்பாதித்த மாதிரி இருப்பது அதனால்தான்.

இதற்கு எதிர் உதாரணமும் எங்கள் பள்ளியிலேயே இருந்தது. 1877இல் வந்த 'இரண்டு பிள்ளைகளின் பிரான்சுச் சுற்று' என்ற பாடநூல். ஜி. புருனோ என்ற புனைபெயரில் எழுதியவர் ஒகுஸ்தீன் ஃபுய்யே என்ற அம்மையார். இலட்சக்கணக்கில் விற்ற புத்தகம். அதிலும் அநாதைகள், அண்ணன் தம்பி. அவர்களும் நடக்கிறார்கள், ஊர் ஊராக. ஒவ்வொரு ஊரிலும் பாலாடைக்கட்டி எப்படிச் செய்வது, இரும்பு எப்படி உருக்குவது, அவ்வூரில் பிறந்த பெரியவர் யார் என்று தெரிந்துகொள்கிறார்கள். பூகோளம் நன்றாக வரும். ஆனால் அந்த அண்ணன் தம்பி பெயரை இன்று எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? முதல் பக்கத்திலும் நல்ல பிள்ளைகள், கடைசிப் பக்கத்திலும் நல்ல பிள்ளைகள். நடந்தது அவர்களது கால், மாறியது ஒன்றுமில்லை. ரெமி அப்படி அல்ல. பாதி வழியில் கால்வாய்ப் படகில் மில்லிகன் சீமாட்டியோடு சுகமாக இருக்கும்போது, சிறையிலிருந்து வெளிவரும் விதாலிசை நினைத்து அவன் மகிழ வேண்டும், ஆனால் படகை விட்டுப் போக வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. நல்ல பிள்ளைக்கு இப்படித் தோன்றலாமா என்று பாடநூல் கேட்கும். மலோ கேட்கவில்லை.

விதாலிசும் அப்படித்தான். துலூசில் ஒரு போலீஸ்காரன் பையனை அடித்ததைத் தடுத்ததற்காக இரண்டு மாதம் சிறைக்குப் போனவர், வெளியே வந்ததும் சீமாட்டி பையனைத் தான் வளர்ப்பதாகக் கேட்கிறாள். கொடுக்க மறுக்கிறார். பையன் மேல் உள்ள பாசமா, தன் முதுமையின் பயமா? அந்தக் குளிர்காலத்திலேயே இரண்டு நாய்களை ஓநாய் கொண்டுபோகிறது, குரங்கு சளி பிடித்துச் சாகிறது, பாரீஸ் எல்லையில் பனியிரவில் கிழவரும் உறைந்து இறக்கிறார். அவர் செய்தது சரிதானா என்று இன்றைக்கும் என்னால் தீர்ப்பு எழுத முடியவில்லை. ஒரு காலத்தில் இத்தாலியே கொண்டாடிய பாடகர் அவர் என்பது இறந்தபின்தான் வெளியே வருகிறது. தான் யார் என்று ஒருவரிடமும் சொல்லாமல் நாயோடு நடந்து தீர்த்த மனிதர்.

புத்தகத்தின் இரண்டாம் பாகத்து முதல் அத்தியாயத்துக்கு 'முன்னே' என்று தலைப்பு. கூட்டாளி மத்தியாவைச் சேர்த்துக்கொண்டு, அவன் வயலின், இவன் யாழ் என்று வாசித்து, சல்லி சல்லியாகச் சேர்க்கிறான் ரெமி. எதற்கு? பெற்றோரைத் தேடவா? இல்லை. முதலில் ஒரு பசு வாங்க. பர்பெரேன் அம்மாள் விற்ற பசுவுக்குப் பதில் ஒரு பசு. வாங்கி ஓட்டிக்கொண்டு போகிற வழியில், இந்தப் பரதேசிப் பையன்களுக்கு ஏது பசு, திருடியதுதான் என்று இருவரையும் பிடித்து அடைக்கிறார்கள். பிறகு வெளியே வந்து, அந்தக் கிராமத்து வீட்டுத் தொழுவத்தில் அம்மாள் இல்லாத நேரம் பார்த்து மாட்டைக் கட்டி வைக்கிறார்கள். மாடு குரல் கொடுக்கிறது. என்னைக் கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின் லண்டன், போலிக் குடும்பம், கடைசியில் பையன் பணக்கார வீட்டு வாரிசு என்று வருவதெல்லாம் அந்தக் காலத்து நாவல் சம்பிரதாயம். வாரிசு என்று தெரிந்ததற்காக யாரும் ரெமியை நினைவில் வைத்திருக்கவில்லை. வாங்காத கடனை அடைத்தானே, அதற்காகத்தான்.

ஜப்பானுக்கு இந்தக் கதை போனது மெய்ஜி காலத்தின் கடைசியில். கிகுச்சி யூஹோ என்ற எழுத்தாளர் 1911இல் ஒசாகா நாளிதழ் ஒன்றில் தொடராக மொழிபெயர்த்தார். 'வீடற்ற பிள்ளை' என்று அவர் வைத்த பெயரே அங்கே நிலைத்துவிட்டது. கவனியுங்கள், மலோ குடும்பம் இல்லை என்றார், ஜப்பானியர் வீடு இல்லை என்றார்கள். 1970இல் ஒரு கார்ட்டூன் திரைப்படமாகவும் வந்தது. அதன் பிறகு 1977 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கி 51 பகுதிகளாக, ஒசாமு தெசாக்கி இயக்கிய தொடர். அதுதான் நான் பார்த்தது.

தெசாக்கி அதற்கு முன் குத்துச்சண்டைக்காரன் கதை ஒன்றை எடுத்துப் பெயர் வாங்கியவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான கணத்தில் ஓடுகிற படம் நின்று, வண்ணம் தீட்டிய ஓவியமாக உறைந்துவிடும். விதாலிஸ் பனியில் விழுந்து கிடக்கும் இடத்தில் இதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தத் தொடரில் இன்னொரு புதுமையும் செய்தார்கள். அதற்கென்று உள்ள கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் படத்துக்கு ஆழம் தெரியும்படி, பின்னணியில் உள்ள மரம், மலை, வேலி எல்லாவற்றையும் அடுக்கு அடுக்காக வெவ்வேறு வேகத்தில் நகர்த்தினார்கள். பேத்தியின் பலகைக் கணினியில் கண்ணாடி ஏது? ஆனால் கண்ணாடி இல்லாமலே அது வேலை செய்தது. நிலம் ஓயாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பதால், பிள்ளை எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஒரு விளையாட்டுச் சாமானுக்காகச் செய்தது கதைக்குப் பொருந்திப்போனது.

அந்த ஆண்டின் மற்ற நாயகர்களையும் சொல்ல வேண்டும். 1978 ஏப்ரலில் மியாசாகி இயக்கிய 'எதிர்காலச் சிறுவன் கோனன்' வந்தது. அந்தப் பையன் கால் விரலால் விமான இறக்கையைப் பிடித்துத் தொங்குகிறவன். ஆனால் அவனும் தொடங்குவது ஒரு தீவில், ஒரு கிழவர் நிழலில். அவரும் சீக்கிரமே இறக்கிறார், பையன் தனியே படகைக் கட்டிப் புறப்படுகிறான். ரெமி முடிந்த அடுத்த ஞாயிறு, அக்டோபர் 8ஆம் தேதி, அதே தெசாக்கி 'புதையல் தீவு' கதையை ஆரம்பித்தார். அதிலும் ஒரு பையன், ஒரு முதியவன். முதியவன் இந்த முறை ஒற்றைக் கால் கொள்ளைக்காரன். விதாலிசிடம் விட்ட கேள்வியையே, இவனை நம்பலாமா, இவன் போன பாதையில் போகலாமா என்பதையே தெசாக்கி மறுபடி எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது.

பிரான்சில் அதே 1978 ஜூலையில் 'கோல்தொராக்' என்ற ஜப்பானிய இரும்பு மனிதத் தொடர் வந்து பிள்ளைகளைப் பைத்தியமாக்கியது. பெரியவர்கள் பதறினார்கள். லிலியான் லுர்சா என்ற உளவியல் அம்மையார் 1981இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1989இல் செகோலேன் ருவாயால் எழுதிய புத்தகமும் ஜப்பானியக் கார்ட்டூன்களை வாங்கு வாங்கு என்று வாங்கியது. வன்முறை, மலிவு, அந்நியம். கடற்கரை நண்பர்கள் இப்போது சொல்வதைத்தான் அவர்கள் அப்போது பிரெஞ்சில் சொன்னார்கள். இந்தச் சத்தத்துக்கு நடுவில், பிரெஞ்சுப் பிள்ளைகள் தங்கள் பாட்டனார் காலத்துப் ரெமியைப் பார்த்து அழுததும் ஜப்பானியத் தொடர் வழியாகத்தான். அதைக் குறை சொல்லிய புத்தகம் எதுவும் என் கண்ணில் படவில்லை. 1996இல் ஜப்பானில் வேறு நிறுவனம் ரெமியைப் பெண்ணாக மாற்றி ஒரு தொடர் எடுத்தது. அரை ஆண்டில் முடிந்தது. அதில் எனக்கு ஈடுபாடில்லை. மலோவிடமே ஒரு பெண் நாயகி இருக்கும்போது எதற்கு அந்த வேலை?

அந்தப் பெண்தான் பெரீன். 'ஆன் ஃபமீய்', அதாவது 'குடும்பத்தில்', 1893இல் வந்த நாவல். எங்கள் பள்ளியில் இதைப் பாடமாக வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பெண் பிறந்தது இந்தியாவில். தகப்பன் எத்மோன், வட பிரான்சில் சணல் ஆலை வைத்திருக்கும் பெரும் பணக்காரர் வுல்ஃப்ரானின் ஒரே மகன். கடன் வாங்கிக் கெட்டுப்போகிறான் என்று அவனைச் சணல் வாங்க டாக்கா பக்கம் அனுப்புகிறார் தகப்பனார். அவன் அங்கே இந்திய வம்சத்துப் பெண்ணை மணக்கிறான். கிழவர் கொதிக்கிறார். கல்யாணம் செல்லாது என்கிறார். கடிதப் போக்குவரத்தே அறுந்துபோகிறது. பல வருஷம் கழித்து மனைவி, மகளோடு நாடு திரும்பும் வழியில் எத்மோன் பொஸ்னியாவில் இறக்கிறான். மிச்சம் தாயும் மகளும், ஒரு வண்டி, பலிகார் என்ற கழுதை.

நாவல் தொடங்குவது பாரீஸ் சுங்கச் சாவடி வாசலில். தாய் ஏற்கெனவே நோயாளி. கொஞ்சப் பக்கங்களில் இறந்துவிடுகிறாள். ஜப்பானியர் 53 வாரத் தொடராக எடுத்தபோது (1978 ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிந்தது, இரண்டும் ஞாயிறு) செய்த மாற்றம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர்கள் பாரீஸ் வாசலில் தொடங்கவில்லை. பொஸ்னியாவில், தகப்பன் இறந்த இடத்தில் தொடங்குகிறார்கள். அங்கிருந்து தாயும் மகளும் ஊர் ஊராகப் புகைப்படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டு இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக வருகிறார்கள். பல வாரங்கள். நாவலில் வண்டிக்குள் படுத்த குரலாக இருந்த அந்த இந்தியத் தாய், இங்கே சமைக்கிறாள், கூட்டத்தைப் படம் எடுக்கிறாள், ஏமாற்றுகிறவனிடம் பேரம் பேசுகிறாள், மகளைக் கண்டிக்கிறாள். அவள் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னால் அந்தக் கிழவர் அவளைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நமக்குத் தெரிந்தவரைப் பற்றிய சொல்லாக விழுகிறது.

தாய் போன பின் பெரீன் பசியோடு நடந்து மரொக்கூர் ஆலைக்கு வருகிறாள். நான் உங்கள் பேத்தி என்று சொல்லலாம். சொல்லவில்லை. ஒரேலி என்று பெயர் சொல்லி ஆலையில் தள்ளுவண்டி தள்ளும் வேலைக்குச் சேர்கிறாள். தொழிலாளர் விடுதியில் மூச்சுமுட்டுகிறது என்று குளத்து நடுவில் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடிசையில் தங்குகிறாள். நாணலையும் துணியையும் வைத்துத் தானே காலணி செய்துகொள்கிறாள், எறிந்த தகர டப்பாவை வெட்டிச் சட்டியும் கரண்டியும் ஆக்குகிறாள், மீன் பிடிக்கிறாள், காட்டு வாத்து முட்டை எடுத்து வேகவைக்கிறாள். ராபின்சன் குருசோவுக்குத் தீவு கடலில் இருந்தது; இவளுக்கு ஆலைச் சங்கு கேட்கும் தூரத்தில். புதுவையில் மில் சங்குக்கு எழுந்து வளர்ந்த எனக்கு இந்தப் பகுதி தனியாகப் பிடித்துப்போனது.

ஆனால் அவள் சாகசம் குடிசையில் இல்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் இருக்கிறது. கிழவருக்குக் கண் பார்வை போய்விட்டது. மகனைத் தேடிக் கண்டுபிடிக்க ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். மகனைப் பிரித்தவள் அந்த இந்தியக்காரி என்று வெறுக்கிறார். எதிரில் நிற்கும் பெண்ணிடமே அதைச் சொல்கிறார். அவள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். என்னை முதலில் என்னாகவே பிடிக்கட்டும், உறவு பிறகு வரட்டும் என்பது அவள் கணக்கு. வாளெடுத்து வெட்டுவதைவிட இது கஷ்டம் என்பது கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் உறவிலேயே ஒருவர் சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் உத்தியோகம் பார்த்து, ஐம்பதுகளில் வியத்நாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். புதுவையில் அப்படித் திரும்பிய குடும்பங்கள் பல உண்டு. அந்தச் சித்தியின் கையால் எங்கள் வீட்டுப் பெரியம்மாள் ஒருவர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. சித்தியின் மகள் என் வயது. அவளை அந்தப் பெரியம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, 'அந்தப் பிள்ளை' என்பார். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. பெரியம்மாளுக்குக் கடைசி காலத்தில் கால் பிடித்துவிட்டது அவள்தான். அவளுக்கு யாரும் கதை எழுதவில்லை. பெரீனைத் தொடரில் பார்க்கும்போது எனக்கு அவள் முகம்தான் வந்தது. பேத்தியிடம் அதைச் சொன்னபோது, "அந்த அத்தை இப்ப எங்கே தாத்தா?" என்று கேட்டாள். மர்செய்யில் இருக்கிறாள், நாலு பேரப்பிள்ளைகள் என்றேன்.

பெரீனைத் தள்ளுவண்டியிலிருந்து முதலாளியின் அருகே கொண்டுவந்தது எது என்பதில்தான் மலோ தன் சாமர்த்தியத்தைக் காட்டியிருக்கிறார். ஆலையில் இயந்திரம் பூட்ட ஆங்கிலேய மெக்கானிக்குகள் வருகிறார்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை. இந்தச் சிறுமிக்கு ஆங்கிலம் தெரியும் என்று வெளிப்படுகிறது. நன்றாகச் செய்கிறாள். பிறகு கிழவர் தன் அந்தரங்கக் கடிதங்களையே அவளிடம் கொடுக்கிறார், பார்வையில்லாதவர் வேறு என்ன செய்வார்? அதில் டாக்காவிலிருந்து ஒரு பாதிரியார் எழுதிய கடிதம் வருகிறது. எத்மோனின் கல்யாணம், அவன் மனைவி எப்படிப்பட்டவள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த மருமகளோடு இந்தியாவில் வளர்ந்தபோது பழகிய ஆங்கிலத்தால், தன் தாயைப் பற்றிய நல்ல வார்த்தைகளை, யார் எழுதியதோ அதுபோல, குரல் நடுங்காமல், வரி வரியாகக் கிழவருக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போகிறாள் பெரீன்.